நூற்றிருபது சென்டிமீட்டர்

குர்கிலாஹ்தி பூங்காவில் எனக்கு வேலை
வரிசையை அளப்பது.
நுழைவாயிலில் யாராவது ஒரு சிவப்புத் தொப்பியைக்
கண்ணில் முடிந்துகொள்வேன்.
அது மேடையேறும்போது கடிகாரத்தை நிறுத்துவேன்.
எழுபத்தொன்று. எழுபத்தாறு.
தூறல் விழுந்தால் ஐம்பது.
பின்லாந்துக் கோடை மொத்தமே பத்து வாரம்.
அதில் ஒரு மணி நேரம்
அடுத்தவர் முதுகைப் பார்த்து நிற்க
காசு கொடுத்து வருகிறார்கள்.

ஜூனில் இங்கே இருட்டுவதில்லை.
இரவு பதினொன்றுக்கும் ஏரியின் மேல்
வெயில் சாய்ந்து கிடக்கும்.
ராட்டினத்தில் நாலாயிரம் விளக்குகள்
எரிகின்றனவா அணைந்தனவா,
மின்கட்டணத்துக்கு மட்டுமே தெரியும்.
எழுதிக் கொடுத்தேன்.
மேலாளர் ரூத் சலோகங்காஸ் அதன்மேல்
காபிக் கோப்பையை வைத்தாள்.
அவளுக்கு அறுபது மீட்டர் உயர எஃகு வேண்டும்.
சுவீடனில் இருக்கிறதாம்.

அன்று ஹில்ப்பா வந்தாள். ஆறு வயது.
உயரம் காட்ட ரப்பர் பூட்ஸ்,
உச்சியில் தூக்கிக் கட்டிய கொண்டை.
எண்பத்திரண்டு நிமிடம் நின்றாள்.
ஒரு சர்க்கரை வடை தின்றாள், கொசுக்கடிகளை எண்ணினாள்,
தலைக்குமேல் மர ரயில் எந்த வளைவில் ஓடும்போது
எத்தனை பேர் அலறுவார்கள் என்று
மனப்பாடம் செய்தாள்.
மேடை வாசலில் மரக்கரடி
கையை நீட்டி நிற்கிறது: நூற்றிருபது.
பணியாள் கொண்டையை மெல்ல அமுக்கிப் பார்த்தான்.
இரண்டு விரற்கடை குறைவு.

அவள் அழவில்லை.
ஏறிய படிகளில் திரும்பி இறங்கினாள்,
எண்பத்திரண்டு நிமிட நீளமுள்ள ஜனத்துக்கு எதிராக,
ஒவ்வொருவரும் ஒதுங்கி வழிவிட,
ஒவ்வொருவருக்கும் காரணம் புரிய.
அந்த இறக்கத்தை அளக்க
என்னிடம் பொத்தான் இல்லை.

இயந்திரப் பிரிவு தைஸ்தோவிடம் சொன்னேன்.
மண்வெட்டியோடு வந்தான்.
ஒளிந்து செய்ய இருட்டே இல்லாத இரவு.
கரடியை வேரோடு பிடுங்கி
வரிசையின் வாலில் நட்டோம்.
கரடி நாங்கள் நினைத்ததைவிடக் கனம்.
விடியலில் (விடியல் என்று எதைச் சொல்ல?)
இருவர் முதுகும் பிடித்துக்கொண்டது.

குழந்தைகள் அழாமல் இல்லை.
ஆனால் நின்று களைக்காத அழுகை,
அடிவயிற்றிலிருந்து, நல்ல சத்தமாக.
பத்தடியில் குதிரை ராட்டினம் தெரிந்ததும்
பாதியில் விட்டுவிடுகிற அழுகை.

கூட்டத்தில் ரூத் கேட்டாள்: கரடியை யார் நகர்த்தியது?
தைஸ்தோ தன் நகத்து மண்ணைப் பார்த்தான்.
சரி, இருக்கட்டும், என்றாள்.
எஃகு விலைக்குப் போனாள்.

மறு கோடையில் அதே ரப்பர் பூட்ஸ்,
இப்போது தம்பி ஆர்னியின் காலில்.
ஹில்ப்பா வெறும் செருப்பில் வந்து
கரடிக்கைக்கு மேலே ஒரு விரல் உயர்ந்து நின்றாள்.
சிவப்புத் தொப்பியைத் தேடாமல்
அவளையே குறித்துக்கொண்டேன்.
நாற்பதாவது நிமிடம் சட்டங்கள் முனகின.
ரயில் அவள் தலைக்குமேல் கவிழ்ந்து போயிற்று.
போன வருடம் எண்ணிய அலறலெல்லாம்
இந்த வருடம் அவள் காதுக்குள் புகுந்திருக்க வேண்டும்.
வேண்டாம், என்றாள்.
கேட்கவில்லை; உதட்டில் பார்த்தேன்.

இரு பக்கமும் கம்பி.
முன்னால் மேடை. பின்னால் அதே ஜனம்.

ஒரு நொடிதான் யோசித்தாள்.
குனிந்து கம்பிக்கு அடியில் நுழைந்து,
முழங்காலெல்லாம் சேறு,
பிர்ச் மரங்களுக்குள் போய்விட்டாள்.
கடிகாரத்தை நிறுத்தினேன். நாற்பத்து மூன்று.

வரிசைக்கு ஒரு வாசல் போதும் என்றே
இத்தனை நாளும் அளந்திருக்கிறேன்.

அன்றைய அறிக்கையில் எண்கள் எழுதவில்லை.
நடுவழியில் ஒரு கதவு, என்று எழுதினேன்.
பூட்டு வேண்டாம். ஏன் என்று கேட்க ஆள் வேண்டாம்.
குழந்தைக்கு எட்டும் உயரத்தில் கைப்பிடி.
வெளியே ஒரு பெஞ்சு, மேடைக்கு முதுகு காட்டி.

ரூத்தின் மேசையில் வைக்குமுன்
தைஸ்தோவிடம் காட்டினேன்.
இரண்டு தடவை படித்தான்.
கம்பி அறுக்கும் ரம்பம்
யாரிடமோ இரவல் போயிருக்கிறது,
வியாழக்கிழமை வந்துவிடும், என்றான்.